சிணுங்கினாலே பசியா?

தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பிள்ளை சிணுங்கினால் போதும், பக்கத்துக் காம்பராவிலிருந்து (அறையிலிருந்து) "பசிக்குது போல, பாலைக் குடு" என்று குரல் வந்துவிடும். பல நேரம் அது தூக்கக் கலக்கம்தான். பசியென்றால் அழுமுன்பே கையைச் சூப்பும், தலையைத் திருப்பி மார்பைத் தேடும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வயிறு நிறைந்துவிட்டது. போத்தலில் மிச்சம் இருக்கிறதே என்று திணிக்காதீர்கள்.

4 முதல் 11 மாதப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 12–16 மணிநேரம் வேண்டும். தூக்கக் குறைவும் தேவைக்கு மேல் ஊட்டுவதும் பின்னாளில் உடல் பருமனோடு தொடர்புடையவை.

6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும். பிறகும் சீனி போட்ட தேத்தண்ணியைப் போத்தலில் கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள் (குளிருக்கு இதமாம்!). கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், பிள்ளை மடுவத்து (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்து) ஆயாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.