லிசிஸ்ட்ராட்டாவை மேடையேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் 9 பெண்கள் நாள் நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பக்கத்து நாடகக் குழுக்கள் சில, லிசிஸ்ட்ராட்டா என்ற இந்த ஆண், பெண் சண்டை நாடகத்தைக் கையில் எடுக்கின்றன. இந்த ஆண்டும் ஒத்திகை பார்க்கக் கூப்பிட்டார்கள். முகங்கள்தான் புதிது, தவறுகள் எல்லாம் பழையவை. வசனம் மறப்பது, மைக்குக்கு முதுகு காட்டுவது பற்றி எழுதப்போவதில்லை. நாலு மேடை ஏறினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

கதை தெரியாதவர்களுக்காக: இது அரிஸ்டோஃபனீஸ் எழுதி, கி.மு. 411இல் ஏதென்ஸில் அரங்கேறிய நாடகம். இரு நாடுகளுக்கும் இடையே நடக்கும் போரை நிறுத்தும்வரை கணவன்மாரை அண்டவிடமாட்டோம் என்று ஏதென்ஸ், ஸ்பார்ட்டா பெண்கள் சேர்ந்து சத்தியம் செய்கிறார்கள். போருக்கான பணம் இருக்கும் ஏதென்ஸின் குன்றுக் கோட்டையான அக்ரோபோலிஸையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

பெண்களைத் தெய்வமாக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கறுப்பின மக்கள் எங்கு போனாலும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து, 1956இல் ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அணிவகுத்த நாள்தான் ஆகஸ்ட் 9. அந்த மரியாதையில், மேடையில் எந்தப் பெண்ணும் தடுமாறக் கூடாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முதலில் வெட்டுப்படுவது, சத்தியம் செய்த பெண்களே வீட்டுக்கு நழுவப் பார்க்கும் காட்சி.

நாடகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒருத்தி, வீட்டில் கம்பளியைப் பூச்சி அரிக்கிறது என்பாள். இன்னொருத்தி அதீனா தெய்வத்தின் தலைக்கவசத்தை ஆடைக்குள் செருகிக்கொண்டு பிரசவ வலி என்பாள். நேற்றுவரை வயிறே இல்லையே என்று பெண்களின் தலைவி லிசிஸ்ட்ராட்டா கேட்பாள். நம் மேடையில் பித்தளைச் செம்பைச் சேலைக்குள் வைத்து, தலைவி ஒரு விரலால் தட்டினால் போதும். அந்த 'டங்' கடைசி வரிசைக்கும் கேட்கும்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு குழு இதை வெட்டிவிட்டு ஆளுக்கொரு உரை சேர்த்தது. ஆண்கள் வெறும் கோமாளிகள், பெண்கள் பிழையே அறியாதவர்கள். அரைமணி நேரத்தில் சிரிப்பு நின்றது. பின்வரிசை தேநீருக்கு எழுந்து போனது. இரண்டாம் காட்சிக்கு டிக்கெட் போகாமல் அரங்க வாடகையைக் கைக்காசில் கட்டினார்கள். பாடுபட்ட பிள்ளைகளைப் பார்க்க மனசு கேட்கவில்லை. சத்தியம் பெண்களுக்கும் வலித்தால்தான் அது தியாகம், இல்லாவிட்டால் வெறும் தண்டனை. இரண்டு பக்கமும் தவித்தால் சபையில் கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள்.

போரை வெட்டுவது

வேண்டவே வேண்டாம். பெண்களின் கோபம் போர்மீது.

மிர்ரினியை அவசரப்படுத்துவது

ஏங்கி வந்த கணவன் காத்திருக்க, சத்தியம் செய்தவர்களில் ஒருத்தியான மிர்ரினி கட்டில் எடுக்கப் போவாள். பிறகு பாய், தலையணை, போர்வை, வாசனைத் தைலம். தைலம் சரியில்லை என்று மறுபடியும் போவாள். கடைசியில் ஓடியே போய்விடுவாள். மூன்று நடையோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு நடைக்கும் அவன் முகத்தைச் சபை பார்க்க வேண்டும். பாட்டிக்குப் புரியும் தமிழ் வசனம் பேரனுக்கு எட்டாத ஊர் நம்முடையது. இந்தக் காட்சிக்கோ வசனமே அதிகம் தேவையில்லை.

ஆணுக்குச் சேலை

பெண்களை அடக்க வரும் அதிகாரிக்கு அவர்கள் முக்காடு போடும் இடத்தில், ஒரே ஒரு முறை.

கடைசி நடனத்தை விடுவது

சமாதானம் ஆனபின் இரு நாட்டவரும் விருந்துண்டு ஆடுகிறார்கள். அரங்கைப் பூட்டும் நேரமாகிவிட்டது என்று இதைத்தான் கைவிடுகிறார்கள். நடனத்துக்கான நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, பொன்னாடையையும் வாழ்த்துரையையும் குறைத்துக்கொள்ளுங்கள்.