கேமராவின் சாவி வீட்டாரிடமே இருக்கட்டும்: பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் கருங்கல்லுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையில் உள்ள ஒரு வீட்டுக்குக் கடந்த ஐப்பசியில் என்னை அழைத்திருந்தார்கள். மகன் குவைத்தில் வேலை பார்க்கிறார். எழுபது வயதைக் கடந்த தாயார் வீட்டில் தனியாக இருக்கிறார். இடி விழுந்த ஒரு மாலையில் ரௌட்டர் எரிந்துபோக, புதிய ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஆனால் மகனுடைய கைபேசியில் கேமராப் படம் வரவில்லை. அதைச் சரிசெய்யப் போனபோதுதான் வேறொன்று தெரியவந்தது. முற்றம், பின்வாசல், கிணற்றடி, முன்னறை என்று நான்கு இடங்களில் இருந்த கேமராக்களில் ஒன்றுகூட மகனுடைய கணக்கில் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவற்றை மாட்டிக்கொடுத்தவரின் கைபேசி எண்ணில்தான் எல்லாம் பதிவாகியிருந்தன. மகன் இத்தனை நாளும் பார்த்தது அவர் பகிர்ந்துகொடுத்த காட்சியை. கடவுச்சொல் அந்தக் கடையின் பெயரும் 123-ம் சேர்ந்தது. "மக்ளே, அப்போ இத்தன நாளும் யாரெல்லாம் பாத்துட்டு இருந்தாவளோ?" என்று தாயார் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாட்டியவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் வேலைக்கு இருந்தவர், வேலையை விட்டுப் போனவர், அவருடைய பழைய கைபேசியை வாங்கியவர் என்று அந்தச் சாவி எத்தனை கை மாறியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. வீடு கட்டி முடிந்ததும் கொத்தனாரிடம் இருந்து சாவியை வாங்கிக்கொள்கிறோம். கேமரா வேலை முடிந்ததும் அப்படி வாங்குவதில்லை, ஏனென்றால் அங்கே சாவி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கேமராவும் அதன் பதிவுப் பெட்டியான டிவிஆரும் இணையத்தில் இணைந்த சிறு கணினிகள். 2016-இல் பரவிய மிராய் என்னும் தீம்பொருள், தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்படும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் ஏறத்தாழ அறுபதை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களுக்கும் ரௌட்டர்களுக்கும் உள்ளே புகுந்தது. அப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களை அவற்றின் முகவரி எண்களோடு இணைத்துக்கொடுக்கும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குப் பல மணி நேரம் திறக்கவில்லை. நம் நாட்டிலும் 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு விற்பனைக்கு வந்தன. "என் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது" என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டைப் பார்ப்பதற்காக மட்டும் யாரும் வருவதில்லை. உங்கள் பெட்டியைக் கருவியாக்கிக்கொள்ளவும் வருகிறார்கள்.

உரிமையை மாற்றிக்கொள்வது

முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானதும் இதுவே. கேமராவின் செயலியைத் திறந்து, அமைப்புகளில் உங்கள் கருவியைத் தொட்டுப் பாருங்கள். அது உங்கள் கணக்கில் நேரடியாகச் சேர்ந்திருக்கிறதா, வேறொருவர் பகிர்ந்ததாகக் காட்டுகிறதா என்பது அங்கே தெரியும். பெரும்பாலான செயலிகளில் ஒரு கருவிக்கு ஒரே ஓர் உரிமையாளர் கணக்குதான் இருக்க முடியும். பகிர்ந்ததாகக் காட்டினால், மாட்டியவரை அழைத்து, அவருடைய கணக்கில் இருந்து கருவியை நீக்கச் சொல்லுங்கள். நீக்கியதும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைக் கொண்டு உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கோடைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போடக் கூடாது. பழைய மாதிரிகள் சிலவற்றில் அதுவும் அதன் அருகில் அச்சிட்ட சரிபார்ப்பு எண்ணும் இருந்தாலே கருவியைச் சேர்த்துவிட முடியும்.

கணக்கு யாருடைய பெயரில் இருக்க வேண்டும் என்பதையும் யோசித்தே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டு எண்ணில் பதிவு செய்தால், மகன் வேலை மாறி அந்த சிம் போனதும் கணக்கும் போய்விடும். நிலையான ஒரு மின்னஞ்சலில் பதிவு செய்து, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, நாகர்கோவிலில் இருக்கும் மகளுக்கோ பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கோ பகிர்வு வசதி மூலம் பார்வையை மட்டும் கொடுப்பதே நல்லது. கடவுச்சொல்லையே கொடுத்தால், பின்னர் ஒருவரை மட்டும் விலக்க வழியில்லை. பகிர்ந்திருந்தால் ஒரு தொடுதலில் விலக்கிவிடலாம்.

கடவுச்சொற்கள்

செயலிக் கணக்கு, டிவிஆரின் நிர்வாகி கணக்கு, ரௌட்டரின் நிர்வாகப் பக்கம், வைஃபை என்று நான்கு கடவுச்சொற்கள் இருக்கின்றன. இவற்றில் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதி அடைபவர்களே அதிகம். டிவிஆரின் நிர்வாகி கணக்கு பழையபடியே இருந்தால், செயலியை எவ்வளவு காத்தாலும் பயனில்லை. மாட்டியவர் தமக்கென்று டிவிஆரில் இன்னொரு பயனர் கணக்கை உண்டாக்கி வைத்திருக்கவும் கூடும் என்பதால், பயனர் பட்டியலைத் திறந்து பார்த்துத் தெரியாத பெயர்களை நீக்குங்கள்.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால், நினைவில் நிற்பதும் ஊகிக்கக் கடினமானதுமான நீண்ட கடவுச்சொல் கிடைக்கும். ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர், பிறந்த ஆண்டு, வாகன எண் ஆகியவை வேண்டாம். சில பெட்டிகள் 16 எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை. அங்கே சொற்களைக் குறைத்து இடையில் எண்களைக் கலந்துகொள்ளுங்கள். முதியவர்கள் வீட்டில் இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பத்திரம் வைக்கும் அலமாரியில் வைப்பதில் தவறே இல்லை. இணையத்தில் இருந்து வரும் திருடனின் கை அந்த அலமாரி வரை நீளாது. ரௌட்டரின் மேல் ஒட்டிவைப்பதுதான் தவறு.

ரௌட்டர்

இது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழைக்காலங்களையும் காண்பவர்கள் நாம். மின்னலில் ரௌட்டர் எரிவது இங்கே வழக்கமான செய்தி. புதியதை மாட்டும்போது முன்பு நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த அமைப்புகள் எல்லாம் பழைய பெட்டியோடு போய்விடுகின்றன. நான் போன அந்த வீட்டிலும் இதுவே நடந்திருந்தது: புது ரௌட்டரின் நிர்வாகப் பக்கம், அட்மின் என்ற சொல்லையே பெயராகவும் கடவுச்சொல்லாகவும் ஏற்றுக்கொண்டு திறந்தது. எனவே ரௌட்டரை மாற்றிய அன்றே, இணைப்புக் கொடுக்க வந்தவர் வீட்டில் இருக்கும்போதே, கீழே சொல்வதைச் செய்துவிடுங்கள்.

வைஃபையில் இணைந்த கைபேசியின் உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் பெரும்பாலும் நிர்வாகப் பக்கம் வரும். வராவிட்டால் சரியான எண் ரௌட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும். அங்கே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். கடவுச்சொல் இல்லாமலே ஒரு பொத்தானாலோ சிறு எண்ணாலோ வைஃபையில் சேரவிடும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். யூபிஎன்பி என்ற வசதியையும் அணையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவி, உங்களைக் கேட்காமலேயே வெளியில் இருந்து வருவோருக்கு வாசலைத் திறந்து வைக்க அது இடம் கொடுக்கிறது. வெளியில் இருந்து வருவோரை வீட்டுக்குள் இருக்கும் கருவிக்கு நேரே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் கேமராவுக்காக யாராவது எதையாவது எழுதிவைத்திருந்தால் அழித்துவிடலாம், ஏனெனில் இன்றைய செயலிகளில் வெளிநாட்டில் இருந்து படம் பார்க்க அது தேவைப்படுவதில்லை.

வாசல் திறந்திருக்கிறதா என்று நீங்களே ஓரளவு சோதிக்கலாம். வைஃபையில் இருக்கும்போது, இணையத்தில் உங்கள் இணைப்பின் முகவரியான ஐபி எண் என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் பார்த்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வைஃபையை அணைத்து, சிம்மின் இணையத்தில் அதே எண்ணை உலாவியில் தட்டுங்கள். உங்கள் டிவிஆரின் உள்நுழைவுப் பக்கம் வந்தால், அது உலகத்துக்கே தெரிகிறது என்று பொருள். ஒன்றும் வராதது நல்ல அறிகுறிதான், ஆனால் வேறு போர்ட் எண்ணில், அதாவது வேறொரு வாசலில், திறந்திருக்கக்கூடும் என்பதால், போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைப் பார்க்கும் வேலையை இது மிச்சப்படுத்தாது.

தனி வைஃபை கேமராவாக இருந்தால், ரௌட்டரில் விருந்தினர் இணைப்பு என்று ஒன்றை உண்டாக்கிக் கேமராவை அதில் சேருங்கள். கேமரா பிடிபட்டாலும் வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினி அதன் எல்லைக்கு வெளியே இருக்கும்.

கேமராவின் உள்மென்பொருளைப் புதுப்பிப்பதும் அவசியம். செயலி வழியாகவோ தயாரிப்பாளரின் தளம் வழியாகவோ மட்டும் செய்யுங்கள். யாரோ அனுப்பிய கோப்பைக் கொண்டு செய்ய வேண்டாம். இடி மின்னல் உள்ள நாளில் தொடங்கவே கூடாது; பாதியில் மின்சாரம் போனால் பெட்டி எழுந்திருக்காமலே போகலாம். புதிதாக வாங்குபவர்கள், 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருப்பதால், அந்தச் சான்று பெற்ற மாதிரியா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

எங்கே வைப்பது, யாரைக் கேட்பது

வெளியாளைத் தடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்குள் இருப்பவரின் அந்தரங்கத்தையும் நாம் மதிக்க வேண்டும். தாய் தந்தையின் பாதுகாப்புக்காக வைப்பது என்றாலும், பார்க்கப்படுபவர் அவர்கள்தான். முன்னறையில் கேமரா வைக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். படம் எங்கே போகிறது, யார் யார் பார்ப்பார்கள் என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். வேண்டாத நேரத்தில் தாங்களே அணைத்துக்கொள்ள ஒரு சுவிட்சைக் காட்டிக்கொடுங்கள். அந்தக் கருங்கல் வீட்டுத் தாயார், கிணற்றடிக் கேமராவுக்காக மூன்று ஆண்டுகளாகப் பின்பக்கம் குளிப்பதையே நிறுத்தியிருந்தார். மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டார். அதைக் கழற்றி வாசல்படியைப் பார்க்கும்படி திருப்பினோம்.

படுக்கையறை, குளியலறை வாசல், துணி மாற்றும் இடம் ஆகியவை எந்தக் காரணத்துக்காகவும் கேமராவின் பார்வைக்குள் வரக் கூடாது. அடுத்த வீட்டுக் கிணறோ சன்னலோ தெரிந்தால், அந்தப் பகுதியை மட்டும் மறைக்கும் வசதி பல டிவிஆர்களில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவருடைய சம்மதமின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைக்கோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். முதியவரைக் கவனிக்க வரும் செவிலியரிடமும், வீட்டு வேலைக்கு வருபவரிடமும் கேமரா இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவு தேவையில்லை என்றால் மைக்கை அணைத்து வையுங்கள். திண்ணையில் வந்து உட்காருபவர்கள் தங்கள் பேச்சு பதிவாகும் என்று எதிர்பார்த்து வருவதில்லை.

பழைய டிவிஆரை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடும் முன், அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் இருந்தும் கருவியை நீக்கிவிடுங்கள்.

யாரோ நுழைந்துவிட்டதாகத் தோன்றினால்

கேமரா தானாகத் திரும்புவது, கடவுச்சொல் திடீரென்று செல்லாமல் போவது, உள்நுழைவுப் பதிவில் தெரியாத கைபேசி மாதிரி அல்லது அறியாத நேரம் காணப்படுவது ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை. உடனே டிவிஆரின் இணையக் கேபிளைப் பிடுங்குங்கள். தனி வைஃபை கேமரா என்றால் அதன் மின்சாரத்தை நிறுத்துங்கள். அவசரப்பட்டு ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டாம், ஆதாரம் அழிந்துவிடக்கூடும். உள்நுழைவுப் பட்டியல், பயனர் பட்டியல், வந்த மிரட்டல் செய்தி ஆகியவற்றை இன்னொரு கைபேசியில் படம் எடுத்த பிறகு, 1930 என்ற எண்ணிலோ தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலோ புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போவதும் நல்லது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான படங்களுக்கு அந்தத் தளத்தில் தனிப் பிரிவு உண்டு. அங்கே பெயரைச் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். மிரட்டுபவர் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள், கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள். புகார் எண் கையில் வந்த பிறகு பெட்டியை ரீசெட் செய்து, நான்கு கடவுச்சொற்களையும் புதிதாக வைத்து, அதற்குப் பிறகே கேபிளை மாட்டுங்கள்.