டேட்டா ரெக்கவரி தொழில்: மெஷின் வாங்கும் முன் உங்கள் ஊரில் சந்தை இருக்கிறதா என்று பாருங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பலருக்கு இந்த யோசனை வந்துவிட்டுப் போகும். "டேட்டா போயிடுச்சு, எடுத்துத் தர முடியுமா?" என்று வாரத்துக்கு ஒருவராவது வருகிறார், அவரைத் திருப்பி அனுப்புகிறோம், நாமே செய்தால் என்ன? தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்கள் ஊரில் எந்த மாதிரி கேஸ் வருகிறது என்று தெரியாமல் லட்சக்கணக்கில் மெஷின் வாங்கி வைப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் சீக்கிரம் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அதனால் சந்தையைப் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம்.

படி 1: எது குறைகிறது, எது மிஞ்சுகிறது

2010-ல் உலகம் முழுவதும் சுமார் 65 கோடி ஹார்ட் டிஸ்க்குகள் விற்பனைக்குப் போயின. 2023-ல் அதில் கால்வாசிகூட இல்லை. புது லேப்டாப்பில் எல்லாம் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் ஒரு ஃபைலை அழித்ததும் ஆபரேட்டிங் சிஸ்டம் டிரிம் என்ற கட்டளையை அனுப்பிவிடும். அதன்பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் வரும், எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட லேப்டாப் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். அது பல நேரம் வாடிக்கையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும், முதலில் அங்கே தேடச் சொல்லுங்கள்.

போன் விஷயத்தில் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாக என்கிரிப்ட் ஆவது (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுவது) கட்டாயம். அழித்த போட்டோவை போனின் மெமரியிலிருந்து எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். உங்களுக்கு வரும் விசாரிப்புகளில் பெரும்பங்கு போனைப் பற்றித்தான் இருக்கும், அதை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐபோனில் 'சமீபத்தில் அழித்தவை' 30 நாள் இருக்கும். இதைக் காசு வாங்காமல் காட்டிக் கொடுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க் போகும்போது அவர் உங்களிடம்தான் வருவார்.

சரி, அப்போது மிஞ்சுவது என்ன? எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், கேமரா மெமரி கார்டு, சிசிடிவி பதிவுப் பெட்டியான டிவிஆர், சின்ன ஆபீஸ்களின் பழைய சர்வர், நெட்வொர்க்கில் எல்லாரும் பகிரும் சேமிப்புப் பெட்டியான நாஸ். இவை ஒரே இரவில் மறையப் போவதில்லை.

படி 2: உங்கள் ஊரை நடந்து எண்ணுங்கள்

இணையத்தில் கிடைக்கும் 'உலகச் சந்தை இத்தனை பில்லியன்' அறிக்கைகள் தஞ்சாவூரிலோ திருப்பூரிலோ கடை போடுபவருக்கு உதவாது. நான்கு வகை ஆட்களைப் போய்ப் பாருங்கள்: போட்டோ ஸ்டூடியோக்காரர்கள், ஆடிட்டர் ஆபீஸ்கள், சிசிடிவி மாட்டுபவர்கள், மற்ற சர்வீஸ் கடைகள்.

"நான் கடை போட்டால் வருவீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் வருவேன் என்றுதான் சொல்வார்கள். "போன வருஷம் டேட்டா போனதுண்டா? யாரிடம் கொடுத்தீர்கள்? எவ்வளவு கொடுத்தீர்கள்? வந்ததா?" என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குக் கொடுத்தனுப்பினேன், இரண்டு வாரம் ஆனது என்று ஒருவர் சொன்னால், அதுதான் உங்கள் சந்தை. பணம் கொடுத்திருக்கிறார், காத்திருக்கிறார், பக்கத்தில் ஆள் இல்லை.

அப்புறம் ஒரு கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு மாதச் செலவு ரூ. 35,000, ஒரு வேலைக்குச் சராசரியாக ரூ. 3,500 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவை ஈடுகட்டவே மாதம் 10 வெற்றி வேண்டும். வரும் பத்தில் ஆறுதான் வெற்றி என்றால் 17 கேஸ் வர வேண்டும். உங்கள் சுற்று வட்டாரத்தில் மாதம் 17 வருமா? வராது என்றால் இதைத் தனிக் கடையாகப் போடாமல், இருக்கும் சர்வீஸ் கடையின் ஒரு மேசையாகத் தொடங்குங்கள். பெரும்பாலான ஊர்களுக்கு இதுதான் சரி என்பது என் கருத்து.

படி 3: படிக்க மட்டும் ஒரு மேசை

ஆரம்பத்துக்கு லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டர், சில பெரிய காலி டிஸ்க்குகள், ஒரு யுபிஎஸ், முடிந்தால் ஒரு ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) போதும். மீட்பு மென்பொருள்களில் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் இரண்டும் இலவசம். ஆர்-ஸ்டூடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர், டிஎம்டிஇ ஆகியவற்றில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குங்கள். அடுத்தவர் டேட்டாவைக் கிராக் மென்பொருளில் திறப்பது சரியில்லை.

இந்தத் தொழிலின் உயிர் இமேஜ் எடுப்பதில், அதாவது டிஸ்க்கை அப்படியே முழுதாக நகலெடுப்பதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளரின் டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டி வரும், அல்லது பிழை சரிபார்ப்பு ஓடத் தொடங்கும். இரண்டுமே ஆபத்து. லினக்ஸில் டிஸ்க் தானாக மவுன்ட் ஆவதை (திறந்துகொள்வதை) நிறுத்திவிட்டு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 5-ம் எண்ணும் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்) 197-ம் எண்ணும் (படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்) பூஜ்யத்துக்கு மேல் ஏறியிருந்தால் டிஸ்க் தளர்கிறது என்று அர்த்தம். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் நிரல் கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மேப் ஃபைல் கட்டாயம் வேண்டும். எதுவரை படித்தது, எங்கே படிக்க முடியவில்லை என்று அதில் குறித்துக்கொண்டே போவதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் ஓட்டத்தில் சுலபமாகப் படிக்க வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு, மோசமான இடங்களைத் தாண்டிப் போகும்படி வையுங்கள். நல்ல டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால் 1 டிபி முடிய மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஓடும்போது வேகத்தைக் கவனியுங்கள். கொஞ்ச நேரம் நன்றாகப் போய், கொஞ்ச நேரம் சில கேபிக்கு இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி என்று ஒரே சீராக மாறி மாறி வந்தால், உள்ளே தட்டைப் படிக்கும் ஹெட்களில் ஒன்று சோர்ந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அங்கேயே நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கை விடாப்பிடியாக ஓட்டினால் வரவேண்டிய மிச்சமும் போய்விடும்.

இமேஜ் கைக்கு வந்தபிறகு எல்லாத் தேடலும் அதன் மேல்தான். கல்யாண போட்டோக்கள் என்றால் போட்டோரெக் மாதிரி ஃபைலின் தொடக்க அடையாளத்தைப் பார்த்துத் தேடும் முறையே பெரும்பாலும் போதும். பெயர் போனாலும் படம் வந்துவிடும். டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டாவுக்கு அது உதவாது. எண்ணால் பெயரிட்ட ஒரு ஃபோல்டருக்குள் .900 அல்லது .1800 என்று முடியும் பல ஃபைல்கள் ஒன்றாக, அதே பெயரில் இருந்தால்தான் டேலியில் அந்தக் கம்பெனியின் கணக்கு திறக்கும். அதற்கு ஃபோல்டர் அமைப்போடு மீட்கும் மென்பொருள் வேண்டும். ஆடிட்டரிடம் வேலை எடுக்கும் முன் பழைய டிஸ்க்கில் டேலி ஃபோல்டரை நீங்களே அழித்து, மீட்டு, திறந்து பார்த்துப் பழகுங்கள். காயலான் கடையில் கிடைக்கும் பழைய டிஸ்க்குகள்தான் உங்கள் பள்ளிக்கூடம்.

படி 4: தொடக்கூடாதவை

'டக் டக்' என்று சத்தம் போடும் டிஸ்க், கீழே விழுந்தது, தண்ணீரில் நனைந்தது: இவற்றுக்கு மின்சாரமே கொடுக்காதீர்கள். சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். கைரேகையின் தடிப்பே அதைவிடப் பல மடங்கு. சாதாரண அறையில் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கை வெயிலில் காய வைப்பதும் அரிசியில் புதைப்பதும் கெடுதல், சேறு உள்ளே ஒட்டிக் காய்ந்துவிடும். ஈரத்தோடு பையில் கட்டி லேபுக்கு அனுப்ப வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேஸ் எவ்வளவு வரும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே மாடலில் இருந்து போர்டைக் கழற்றி மாட்டும் பழைய வித்தையும் இப்போது பெரும்பாலும் எடுபடாது. போர்டில் உள்ள ரோம் சிப்பில் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் இருக்கின்றன, அதையும் மாற்ற வேண்டும்.

இத்தகைய கேஸ்களுக்குக் கிளீன் ரூம் (தூசி நுழையாத அறை) வசதி உள்ள ஒரு லேபோடு முன்பே பேசி வையுங்கள். அனுப்பும் கேஸுக்குக் கமிஷன் உண்டென்றால் அதை வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) கேஸ் வந்தால் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: ரேட்டும் கையெழுத்தும்

பரிசோதனைக்குச் சிறு கட்டணம், டேட்டா வந்தால் மீதி என்று வைப்பது நல்லது. முழு இலவசப் பரிசோதனை என்று போர்டு வைத்தால் மேசை நிறையும், கல்லா நிறையாது. பணம் வாங்கும் முன் ஃபைல் பட்டியலைக் காட்டி, அவருக்கு முக்கியமான நாலைந்தை அவர் கண் முன்னே திறந்து காட்டுங்கள்.

ரசீதில் டிஸ்க்கின் சீரியல் எண், வந்தபோது இருந்த நிலை, எந்த ஃபோல்டர் வேண்டும், நகலை எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட்ட ஃபோல்டரைத் தவிர வேறெதையும் திறக்காதீர்கள். ஒப்பந்தத்தின் பேரில் கைக்கு வந்த தனிப்பட்ட தகவலைத் தீய நோக்கத்தோடு வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72-ஏ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. மனைவியின் போனிலிருந்து வாட்ஸ்அப் எடுத்துக் கொடு என்று வருபவர்களை, எவ்வளவு கொடுப்பதாகச் சொன்னாலும் அனுப்பிவிடுங்கள். அந்தப் பெண்ணின் அனுமதி இல்லாமல் அதைத் தொட நமக்கு உரிமை இல்லை.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

படி 6: திருப்பி அனுப்பியதையும் எழுதுங்கள்

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள். வந்த தேதி, பொருள், மாடல், கோளாறு, முடிந்ததா, முடியாவிட்டால் ஏன், யார் சொல்லி வந்தார். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பெரும்பாலும் மற்ற சர்வீஸ் கடைக்காரர்கள்தான் கேஸ் அனுப்புவார்கள். அவர்களுடைய வாடிக்கையாளருக்கு லேப்டாப் சர்வீஸ் செய்து தருகிறேன் என்று நீங்கள் இறங்கினால் அந்த வரவு நின்றுவிடும்.

ஒரு வருடம் கழித்து அந்த நோட்டில் முடியாமல் போனவற்றைப் பிரித்துப் பாருங்கள். டிவிஆர் கேஸ்கள் அதிகம் என்றால் அதற்கான மென்பொருள் போதும். டிஸ்க் சுழல்கிறது, ஆனால் அளவு தவறாகக் காட்டுகிறது, அடையாளமே காட்டவில்லை என்ற ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள் மென்பொருள்) கோளாறுகள் குவிந்திருந்தால், பிசி-3000 மாதிரி பல லட்சம் ரூபாய்க் கருவிக்கு அப்போது கணக்குப் போடலாம்: விட்டுப்போன கேஸ்களின் கட்டணத்தைக் கூட்டி, கருவியின் விலையோடும் பயிற்சிச் செலவோடும் வைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்தில் திரும்பி வராது என்றால், அந்தக் கேஸ்களை இன்னும் ஒரு வருடம் லேபுக்கே அனுப்புங்கள்.