மே கடைசியில் 456 ரூபாய்: ராமநாதபுரம் கரையில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான காப்பீடு

வல்லம் என்ற நாட்டுப் படகு வைத்திருப்பவர், பிடிபடும் மீனில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர், கடற்பாசி எடுக்கும் பெண், கருவாட்டு வியாபாரி, ராமேசுவரத்தில் ஆட்டோ ஓட்டுபவர், தொண்டியில் தையல் கடை வைத்திருப்பவர் யாருக்கும் பி.எஃப். பிடிக்க முதலாளி கிடையாது, இ.எஸ்.ஐ. அட்டையும் கிடையாது. கை ஒடிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தால் வருமானம் பூஜ்யம். மொத்தமாக ஒரு பெரிய பாலிசி எடுத்துப் பாதியில் விடுவதைவிட, மலிவானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுவதே இங்கே சரிப்படும்.

முதல் படி வங்கிக் கணக்கு வழியாக வரும் இரண்டு திட்டங்கள். பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ, இரு கண், இரு கை, இரு கால் போன்ற முழு இழப்பு நேர்ந்தாலோ 2 லட்சம்; ஒரு கண் அல்லது ஒரு கை, கால் போனால் 1 லட்சம். பிரதமர் ஜீவன் ஜோதி பீமா யோஜனா ஆண்டுக்கு 436 ரூபாய். 50 வயதுக்குள் சேர வேண்டும், பாதுகாப்பு 55 வயது வரை. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டுக்கும் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. பணத்தை வங்கி மே கடைசி வாரத்தில் தானாகப் பிடிக்கும். நம் கரையில் அது எந்த நேரம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில், பங்கு எதுவும் வராது, கணக்கில் ஐம்பது நூறு கிடக்கும். இரண்டுக்கும் சேர்த்து 456 ரூபாய் வேண்டும்; எந்தத் திட்டத்துக்குப் பணம் போதவில்லையோ அதன் பிடித்தம் தோற்றுவிடும், அந்தப் பாதுகாப்பு அத்தோடு நின்றுவிடும். தடை முடிந்து ஜூன் 15-ல் கடலுக்குப் போகிறவர் காப்பீடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு போவார். தடைக்கால நிவாரணம் வருமே என்று அதை நம்ப வேண்டாம்: அது எந்த நாளில் வரும் என்பது உறுதியில்லை, இந்தத் திட்டங்களோடு இணைத்த கணக்கில்தான் வரும் என்பதுமில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே 500 ரூபாயைப் போட்டுத் தொடாமல் விடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் பாஸ்புக்கை அச்சடித்து 20, 436 இரண்டும் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் வங்கியில் கேட்டு மறுபடி சேரலாம், ஆனால் 436 ரூபாய்த் திட்டத்தில் அந்த 30 நாள் காத்திருப்பு திரும்ப வரும்.

கடல் தொழில் செய்பவருக்கு இன்னொன்று இருக்கிறது. மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. மீனவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை, பிரீமியம் அரசுடையது. அதனால்தான் பலருக்குத் தங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. கூட்டுறவுச் சங்கத்திலோ மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ ஆதாரைக் கொடுத்து, நடப்பாண்டுப் பட்டியலில் பெயர் உள்ளதா என்று கேளுங்கள். கடலுக்குப் போகாதவர்கள், அதாவது ஆட்டோக்காரர், தையல்காரர் போன்றவர்கள், அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து வைக்கலாம்.

வங்கி வழியாக வரும் அந்த இரண்டு திட்டங்களும் கைவிடும் ஓர் இடம் உண்டு: விரல். வலை இழுக்கும் விஞ்சில் கயிறு சுற்றி இரண்டு விரல் போனால் 20 ரூபாய்த் திட்டம் எதுவும் தராது, அதற்கு முழுக் கையே போயிருக்க வேண்டும். தனிநபர் விபத்து பாலிசிகளில் கட்டைவிரலுக்கு இத்தனை சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு இத்தனை என்று தனி அட்டவணை இருக்கும். கூடவே ‘தற்காலிக முழு ஊனம்’ என்ற கூடுதல் பிரிவையும் கேட்டு வாங்குங்கள். எலும்பு முறிந்து வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாரக் கணக்கில் பணம் வரும். சரள் சுரக்ஷா பீமா என்ற பொது வடிவப் பாலிசி 2.5 லட்சத்திலிருந்து கிடைக்கும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. விபத்துப் பாலிசியில் தொழிலை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். கடலுக்குப் போகிறவர், சங்கு குளிப்பவர், உயரத்தில் ஏறி வேலை செய்பவர் என்றால் தொகை கூடும், சில நிறுவனங்கள் மறுத்தும் விடும். அதைத் தவிர்க்க முகவர் படிவத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதிவிடுவார். கையெழுத்து உங்களுடையது. வல்லத்தில் அடிபட்டு விண்ணப்பித்ததும் நிறுவனம் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். ‘மீன்பிடித் தொழில், கடலுக்கு நேரில் செல்பவர்’ என்று எழுதச் சொல்லுங்கள். பாசி எடுப்பவர் ‘இல்லத்தரசி’ என்று எழுதக் கூடாது. பீடி, புகையிலை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

மருத்துவத்துக்கு வருவோம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். வீட்டில் 70 வயது நிறைந்தவர் இருந்தால் வருமானம் பார்க்காமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் உண்டு; அது இங்கே கிடைக்கிறதா என்று அதே மையத்தில் கேளுங்கள்.

தனியார் பாலிசி எடுப்பவர் பிரீமியத்துக்கு முன் ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். ராமநாதபுரத்தில் எது, மதுரையில் எது, பணமில்லாச் சிகிச்சை தருகிறது? பாம்பனிலிருந்து மதுரை 150 கிலோமீட்டருக்கும் மேல். ஆம்புலன்ஸுக்குப் பாலிசி எவ்வளவு தரும் என்றும் கேளுங்கள். ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொது வடிவ மருத்துவப் பாலிசியில் அது 2,000 ரூபாய்தான்.

அறை வாடகை வரம்பு பலரும் படிக்காத வரி. வரம்பு நாளுக்கு 5,000; நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தீர்கள் என்று வையுங்கள். கூடுதல் 3,000-ஐ மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்பது எல்லோரும் நினைப்பது. அப்படியில்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் எல்லாமே எட்டில் ஐந்து பங்காகக் குறையும். அந்த வகையில் பில் 1,20,000 என்றால் 75,000தான் ஏற்பார்கள், அதிலும் 5 சதவீதம் உங்கள் பங்கு என்றிருந்தால் கைக்கு 71,250. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவிகளுக்கு இந்தக் குறைப்பு இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டு.

டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, கடைசிப் படி. ஆண்டு வருமானம் 3 லட்சம், கடன் 4 லட்சம் என்றால் பத்து மடங்கு 30, அதோடு 4, ஆக 34 லட்சம் என்று தோராயமாகப் போடலாம். சிக்கல் வருமானச் சான்றில். ஏலத்தில் மீனைப் போட்டுப் பணத்தை ரொக்கமாக வாங்கினால் காட்ட ஒன்றும் இருக்காது. விற்பனையை வங்கி வழியாகக் கொண்டுவாருங்கள். சிறு தொழில் செய்பவர்களுக்கான உத்தேச வருமான முறையில் வருமான வரிக் கணக்கை (ஐ.டி.ஆர்.-4) தாக்கல் செய்யுங்கள், இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு இருந்தால் கதவு திறக்கும். வியாபாரியிடம் முன்பணமும் வட்டிக் கடனும் உள்ள திருமணமான ஆண்கள், 1874-ன் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி கேட்கலாம்: அந்தப் பணம் மனைவி பிள்ளைகளுக்கே, கடன்காரர் கைவைக்க முடியாது. எடுக்கும்போதே அந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, யாராவது 18 சதவீதம் சேர்த்துச் சொன்னால் பழைய விலைப்பட்டியல் என்று அர்த்தம்.

பெயரைச் சரிபாருங்கள். ஆதாரில் அந்தோணிசாமி, பாஸ்புக்கில் ஆண்டனி சாமி, ரேஷன் அட்டையில் முன்னெழுத்து வேறு என்றால் இழப்பீடு வாரக்கணக்கில் அலையும். நாமினி 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளப் பெரியவர் ஒருவர் பெயரும் வேண்டும்.

கடலில் விபத்து என்றால் அன்றே கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் புகார். முதல் தகவல் அறிக்கை, கடலுக்குப் போனபோது வாங்கிய டோக்கனின் நகல், உடன் போனவர்களின் வாக்குமூலம் மூன்றையும் வாங்குங்கள். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று அவசரமாக அடக்கம் செய்தால் விபத்து மரணம் என்று நிறுவுவது மிகக் கடினம். துக்க வீட்டில் இதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

உடல் கிடைக்காமல் போவதுதான் மிகக் கடுமையானது. இறப்புச் சான்று கிடைக்காது. ஏழு ஆண்டு செய்தி ஏதும் இல்லாமல் போனால்தான் சட்டம் இறந்தவராகக் கருதும், அதற்கும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதுவரை டேர்ம் பாலிசிப் பிரீமியத்தைக் குடும்பம் கட்டிக்கொண்டே வர வேண்டும், விட்டால் பாலிசி காலாவதி. சில விபத்துப் பாலிசிகளில் படகு மூழ்கி ஓராண்டு தேடியும் உடல் கிடைக்காவிட்டால் மரணமாக ஏற்கும் பிரிவு இருக்கிறது. விபத்துப் பாலிசி வாங்கும்போது இந்தக் கரையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ஓராண்டுக்குள் சென்னைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு. 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.