கலப்பு மக்கள்தொகையில் ஒரு மரபுப் பண்பு எத்தனை பேருக்கு இருக்கும்? கணக்குப் போடும் முறை

இரண்டு மூதாதைக் குழுக்கள் கலந்து உருவான மக்களிடம் ஒரு பண்பு எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கும்? இரு பக்கத்துச் சதவீதங்களையும் கலப்பு விகிதப்படி சராசரி எடுத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஒடுங்கு பண்பு (பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும் பண்பு) என்றால் அந்த விடை தப்பாகத்தான் வரும். மரபணுவின் ஒரு வடிவத்தை அல்லீல் என்பார்கள்; மக்களிடம் உள்ள மொத்தப் பிரதிகளில் அதன் பங்குதான் நிகழ்வெண். பாகுபாடின்றி மணக்கும் மக்களிடம் இந்த நிகழ்வெண்ணை வர்க்கப்படுத்தினால், இரண்டு பிரதியும் உள்ளவர்களின் பங்கு கிடைக்கும் என்பதே ஹார்டி–வெயின்பர்க் விதி. இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உதாரணத்துக்கு டஃபி ரத்த வகை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லாருடைய சிவப்பணுக்களிலும் டஃபி புரதம் இருக்காது. ஐரோப்பாவில் அப்படிப்பட்டவர்கள் மிக அரிது. இதற்குக் காரணமான 'டஃபி இன்மை' அல்லீல் ஒடுங்கு தன்மை கொண்டது. தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று என இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

படி 1: கலப்பு விகிதம்

ஆய்வாளர் பெர்ன்ஸ்டைன் 1931-இல் தந்த சூத்திரம் இன்றைக்கும் போதும். கலப்பு மக்களின் அல்லீல் நிகழ்வெண்ணிலிருந்து முதல் மூதாதைக் குழுவின் நிகழ்வெண்ணைக் கழியுங்கள். வருவதை, இரண்டாம் குழுவுக்கும் முதல் குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். கிடைப்பது இரண்டாம் குழுவின் பங்கு.

1969-இல் ரீட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட எண்களை எடுத்துக்கொள்வோம். டஃபி-ஏ (புரதத்தை உண்டாக்கும் ஒரு வடிவம்) அல்லீல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரக் கறுப்பினத்தவரிடம் 0.0941, வெள்ளையரிடம் 0.4286, மேற்கு ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட சுழியம். வகுத்தால் 0.22. ஐரோப்பியப் பங்கு 22%. அதே ஆய்வில் அமெரிக்க மாநிலமான ஜார்ஜியாவின் இரண்டு கவுண்டிகளுக்கு (மாவட்டங்களுக்கு) சுமார் 11%தான் வந்தது. ஒரே நாடு, ஒரே இனப்பெயர், ஆனால் பங்கு பாதி. அதனால் மாதிரி எந்த ஊரில் எடுத்தது என்று குறிக்காத எண்ணை நான் எடுத்துக்கொள்வதே இல்லை.

படி 2: அல்லீலுக்குச் சராசரி, பண்புக்கு அல்ல

'இன்மை' அல்லீல் ஆப்பிரிக்கப் பக்கம் 1, ஐரோப்பியப் பக்கம் 0 என்று வைத்தால், ஆப்பிரிக்கப் பங்கு 78% உள்ள ஓக்லாந்தில் 0.78. இதை வர்க்கப்படுத்தினால் 0.61. அதாவது பண்பு தெரியும் ஆட்கள் 61%, 78% அல்ல.

சரி, வர்க்கப்படுத்துவது எப்போதும் செல்லுமா? இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே ஊரில் இரு குழுவும் பாதிக்குப் பாதி இருப்பதாகக் கொள்ளுங்கள்:

- இன்னும் கலக்கவே இல்லை: அல்லீல் 0.5, பண்பு 50%.
- எல்லாரும் எதிர்க்குழுவில் மணந்து பெற்ற முதல் தலைமுறை: அல்லீல் அதே 0.5, பண்பு 0%. ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதிதான் இருக்கும்.
- அந்தத் தலைமுறை தங்களுக்குள் பாகுபாடின்றி மணந்து பெற்ற பிள்ளைகள்: அல்லீல் 0.5, பண்பு 25%.

அல்லீல் நிகழ்வெண் மூன்றிலும் அசையவில்லை. பண்பு மட்டும் 50, 0, 25 என்று ஆடுகிறது. யார் யாரை மணக்கிறார்கள் என்பது தெரியாமல் வர்க்கம் போடாதீர்கள். பெரும்பாலும் தங்கள் குழுவுக்குள்ளேயே மணப்பதால் கலப்பு இன்னும் சீராகாத மக்களிடம், வர்க்கம் சொல்வதைவிடப் பண்பு கூடுதலாகவே தென்படும்.

படி 3: கணினியில் தரவு

ஒன்றிரண்டு மரபிடங்களுக்கு விரிதாள் போதும். இதற்காக ஆர் என்ற நிரல் மொழி கற்கப் போக வேண்டாம். தரவு '1000 ஜீனோம்ஸ்' திட்டத்தில் இலவசம்: 26 மக்கள்தொகைகள், 2504 பேர். பார்படோஸ், போர்ட்டோ ரிக்கோ போன்ற கலப்பு மக்களும் அதில் உண்டு. நமக்கு வேண்டிய இடம், அதாவது 'டஃபி இன்மை'யைத் தீர்மானிக்கும் மரபிடம், ஆர்எஸ்2814778.

நிறைய இடங்கள் என்றால் பிளிங்க் என்ற மரபணுத் தரவு மென்பொருள். ஆனால் பழைய 1.9 பதிப்பு, கோப்பில் எந்த அல்லீல் குறைவோ அதன் நிகழ்வெண்ணைத்தான் தரும். ஆப்பிரிக்கக் கோப்பில் அது 'டி' (புரதம் உள்ள வடிவம்), ஐரோப்பியக் கோப்பில் 'சி' (இன்மை வடிவம்). இரண்டுக்கும் சுழியத்தை ஒட்டிய எண்ணே வரும். இரு கண்டமும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடுவீர்கள்! எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள், அல்லது பிளிங்க் 2-க்கு மாறுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பின்சேர்க்கை

கருத்துப் பகுதியில் ஒருவர், தன் கோப்பில் டி/சி-க்குப் பதில் ஏ/ஜி இருப்பதாக எழுதியிருந்தார். அது டிஎன்ஏவின் எதிர் இழையைப் படித்த கோப்பு. மாற்றிப் படித்தால் சரியாகிவிடும். ஏ/டி, சி/ஜி இடங்களில் இழை மாறினாலும் எழுத்துகள் அதேதான் என்பதால் எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவற்றை நீக்கிவிடுங்கள்.

இன்னொருவர் மடகாஸ்கரைப் பற்றிக் கேட்டார். அங்கே ஆஸ்திரோனேசிய, ஆப்பிரிக்க மூதாதையர் கலந்தவர்கள் வாழ்கிறார்கள். டஃபி இடத்தை வைத்துக் கணக்கிட்டால், மரபணுத்தொகுதி முழுவதையும் வைத்துப் பார்ப்பதைவிட ஆப்பிரிக்கப் பங்கு மிக அதிகமாக வரும். புரதம் இல்லாதவர்களை வைவாக்ஸ் வகை மலேரியா எளிதில் தொற்றாது என்பதால், இயற்கைத் தேர்வு அந்த அல்லீலை மேலே தள்ளியிருக்கிறது. ஆகவே படி 1-க்கு ஒரே ஓர் இடத்தை நம்ப வேண்டாம். பல இடங்களில் கணக்குப் போட்டு, எது மட்டும் விலகி நிற்கிறது என்று பாருங்கள்.