மேமோகிராம் எடுக்க வேண்டும், செலவை யார் ஏற்பார்கள்?

மேமோகிராம் என்பது மார்பகப் புற்றைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே படம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதுக்கு எவ்வளவு ஆகும்?" என்பார்கள். என் சின்னம்மா பால்மரம் வெட்டியவர். மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகும், "வலிக்கலையே, தீபாவளி கழியட்டும்" என்று தள்ளிப்போட்டார். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

படி 1: அறிகுறி இருக்கிறதா?

கட்டி, அக்குளில் வீக்கம், காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் போல் குழிகுழியான தோல். இவற்றில் ஒன்று இருந்தாலும் சலுகை எதையும் தேடி அலையாதீர்கள். மறுநாளே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். டாக்டரே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார். கீழே வரும் சலுகைகள் எல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு.

படி 2: வயதைப் பாருங்கள்

சுகாதார அமைச்சின் வழிகாட்டியின்படி, 50 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம். அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ மார்பகப் புற்று வந்திருந்தால் 50 வரை காத்திருக்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

படி 3: செலவு

இங்கேதான் பலரும் குழம்பிப்போகிறார்கள்.

செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்கிறவர் முதலில் சம்பளச் சீட்டை எடுங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குப் பிடித்தம் இருக்கிறதா? 40 வயதான சந்தாதாரர்களுக்காக 2013-இல் சொக்சோ இலவசப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண்களுக்கு அதில் மேமோகிராமும் உண்டு. அடையாள அட்டை (ஐசி) எண்ணைக் கொடுத்து சொக்சோ அலுவலகத்தில் தகுதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்கள் பிடித்தம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். அது உங்கள் உரிமை.

வீட்டோடு இருக்கும் அக்காமார்களுக்கு எல்.பி.பி.கே.என். என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் வழி இருக்கிறது. 2007 முதல் மேமோகிராமுக்கு உதவித்தொகை தருகிறார்கள். வருமான வரம்பு உண்டு. கிளம்புவதற்கு முன் அவர்களுடைய நூர் செஜாத்ரா கிளினிக்குக்குப் போன் செய்து, என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டமான பெக்கா பி40-ஐப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை கிடைக்கும், ஆனால் அதில் மேமோகிராம் படம் கிடையாது. சந்தேகம் வந்தால் அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் உறுதியானால், சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும் போக்குவரத்துக்கு உதவியும் இதே திட்டத்தில் உண்டு.

அப்புறம் மெடிக்கல் கார்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதி. பொதுவாக அது ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்க்கும் சிகிச்சைக்கானது. நோய் இல்லாமலே எடுக்கும் பரிசோதனைக்குப் பெரும்பாலான கார்டுகள் பணம் தராது. ஏஜெண்டிடம் "ஸ்கிரீனிங் உண்டா?" என்று கேட்டு, பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 4: எடுக்கும் நாள்

மாதவிலக்கு முடிந்த வாரத்தில் தேதி வாங்குங்கள், அப்போது மார்பு அவ்வளவாக நோகாது. அன்றைக்கு பவுடர், டியோடரண்ட் வேண்டாம், அதன் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மேலாடை தனியாகக் கழற்றுகிற மாதிரி உடுத்திப் போங்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பைச் சில விநாடி அழுத்துவார்கள். வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம். வெட்கமாக இருந்தால் பெண் ஊழியர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

படி 5: முடிவு

அறிக்கையில் பைராட்ஸ் (BI-RADS) என்று ஓர் எண் இருக்கும்; படத்தில் புற்றுக்கான சந்தேகம் எவ்வளவு என்பதைக் காட்டும் குறியீடு அது. 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் பொதுவாக ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 வந்தால் ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். 0 வந்தால் பலர் நடுங்கிவிடுகிறார்கள். படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். கூப்பிட்டால் போய்விடுங்கள். பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள்.