கூடை விலையில் பின்னியவரின் கூலி எங்கே? ஆப்பிரிக்கக் கைவினைப் பெண்களுக்கு உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட கானாவில் போல்கடாங்கா என்று ஓர் ஊர். மூன்று நாளுக்கு ஒரு முறை அங்கே சந்தை கூடும். உலகம் முழுக்க 'போல்கா கூடை' என்று விற்பனையாகும் புல்கூடைகளை இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெரும்பாலும் பெண்கள்தான் பின்னுகிறார்கள். "கைத்தொழில் இருக்கிறது, வியாபாரம் மட்டும் சொல்லிக்கொடுத்தால் முன்னேறிவிடுவார்கள்" என்ற நம்பிக்கையோடு இதுபோன்ற ஊர்களுக்குப் பல அமைப்புகள் போகின்றன. அவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பின்னுகிற பெண்ணின் நேரத்துக்கு விலை போடாமலேயே திட்டம் தீட்டிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவைதான்.

விலையிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு புல்லையும் பல்லால் கடித்து நீளவாக்கில் இரண்டாகக் கிழிக்க வேண்டும். கிழித்ததைச் சேர்த்து முறுக்கினால்தான் கூடைக்கு உறுதி வரும். அப்புறம் கட்டுக்கட்டாகக் கொதிக்கும் சாயத்தில் முக்கியெடுத்துக் காயவைக்க வேண்டும். அடிப்பாகம் பின்னி, பக்கங்களை எழுப்பி, விளிம்பு கட்டி, துருத்திக்கொண்டு நிற்கும் நுனிகளை பிளேடால் சீவி முடிக்க, நடுத்தரக் கூடைக்கே இரண்டு மூன்று நாள் ஆகும். கைப்பிடிக்குத் தோல் சுற்றுவது பெரும்பாலும் வேறொருவர் வேலை. அதற்குத் தனிக் கூலி. "எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டால் புல்லுக்கும் சாயத்துக்கும் தோலுக்கும் கொடுத்ததைத்தான் பின்னுகிறவர் சொல்வார். தன் மூன்று நாளைச் சொல்ல மாட்டார். பயிற்சி கொடுக்க வந்தவரும் அதே கணக்கைப் பலகையில் எழுதி, மிச்சத்தை லாபம் என்று காட்டினால் என்ன பயன்? அந்த மூன்று நாளும் ஊருக்குள் கூலி வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் காசைக் கழித்துப் பாருங்கள். லாபம் என்று எழுதியது நஷ்டமாகவும் இருக்கலாம். தன் கூலியைச் செலவில் சேர்ப்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். வாங்குகிறவர்களும் பேரம் பேசும் முன் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பருவம் பார்க்காமல் ஆர்டர் கொடுப்பது. அங்கே மழைக்காலம் ஒன்றுதான், ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை. கம்பு, சோளம், நிலக்கடலை எல்லாம் அதற்குள் விளைந்தாக வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கூடை வேண்டுமென்றால், கப்பல் பயணத்தையும் சேர்த்தால், சரியாக இந்த மாதங்களில்தான் பின்னி முடிக்க வேண்டியிருக்கும். வயலை விட்டால் வருஷத்துச் சாப்பாடு போச்சு, கூடையை விட்டால் ஆர்டர் போச்சு. போதாததற்கு ஈரக்காற்றில் புல் சரியாகக் காயாது. அரைகுறையாகக் காய்ந்த கூடை பெட்டிக்குள் பூஞ்சை பிடித்துவிடும், சரக்கைத் திருப்பினால் நஷ்டம் பின்னியவர் தலையில் விழும். ஆர்டரை ஜனவரியிலேயே கொடுத்து, வறண்ட மாதங்களில் பின்னியதை உலர்ந்த கிடங்கில் வைத்திருக்கலாம். கிடங்குச் செலவை வாங்குகிறவர்தான் ஏற்க வேண்டும். பயிற்சி வகுப்புகளையும் இதே காரணத்துக்காக விதைப்பு, அறுவடை நேரத்தில் வைக்கக் கூடாது.

முன்பணம் கொடுக்காமல் ஆர்டர் மட்டும் கொடுப்பதும் பெரிய தவறு. கூடைக்கான புல் உள்ளூரில் போதுமான அளவு கிடைப்பதில்லை, தெற்கிலிருந்து வருகிறது. கையில் காசில்லாதவர் வியாபாரியிடம் கடனுக்குப் புல் வாங்கினால், முடித்த கூடையை அவரிடமே, அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க நேரிடும். சரி, காசாகவே கொடுத்துவிட்டால்? கானாவின் நகரப்பகுதிச் சிறு தொழில் செய்வோரிடம் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களுக்குப் பணமாகக் கொடுத்த மானியம் லாபத்தை உயர்த்தவில்லை. பொருளாகக் கொடுத்தது உயர்த்தியது, அதுவும் ஏற்கெனவே ஓரளவு பெரிதாகத் தொழில் செய்தவர்களுக்கு மட்டும். வீட்டில் ஆயிரம் தேவை இருக்கும்போது ரொக்கம் தொழிலுக்குள் தங்குவது கஷ்டம். ஆகவே முன்பணத்தில் ஒரு பகுதியைப் புல்லாகவே கொடுப்பது நல்லது. ஆனால் அந்தப் புல்லைக் காட்டி, 'எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும்' என்று கட்டிப்போட்டால் பழைய வியாபாரி செய்ததையே நாமும் செய்கிறோம்.

பாடத்தைப் பற்றி: வரவு செலவு எழுதக் கற்பிப்பது அவசியம், அதோடு நின்றுவிடுவது தவறு. பக்கத்து நாடான டோகோவின் லோமே நகரில் 1,500 சிறு தொழில்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவுகள் 2017-ல் வந்தன. கணக்கு, விற்பனை என்ற வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் லாபம் 11 சதவீதம் உயர்ந்தது. அதுவும் பயிற்சியின் பலன் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. தானே வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தால் மாற்றுவழி யோசிப்பது, போட்டியாளரிடமிருந்து வேறுபடுவது ஆகியவற்றைப் பழக்கியவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் பெரிது: 5-க்கு எதிராக 40. கூடை பின்னுகிறவருக்கு இதன் பொருள் என்ன? ஏற்றுமதியாளர் வரும்வரை காத்திராமல் தலைநகர் அக்ராவின் ஹோட்டல்களிடம் போய்ப் பேசுவது, அவர்கள் கேட்கும் அளவில் ஒன்று பின்னிக் காட்டுவது. அதற்குத் துணையாகப் போங்கள். பேருந்துக் கட்டணம் கொடுங்கள்.

இரக்கத்தை மட்டும் நம்பி விற்பது இன்னொன்று. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பின், இரு தரப்புப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பின்னிய கூடைகள் 'அமைதிக் கூடை' என்று பெயர் பெற்று, 2005-ல் அமெரிக்காவின் மேசிஸ் கடைகள் வரை போயின. அந்தக் கதை உண்மை, சொல்லப்பட வேண்டியது. ஆனால் 'அகசேகே' எனப்படும் அந்த மூடிபோட்ட கூடை அதற்கு முன்பே அவர்களின் பண்பாட்டில் மதிப்போடு இருந்தது. வாங்குகிறவர் மறுபடி வருவது வேலைப்பாட்டுக்காகத்தான். கேட்காமல் ஒரு பெண்ணின் துயரத்தையும் முகத்தையும் விலைச்சீட்டில் அச்சிடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

கடைசியாக, பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். குழுத் தலைவியிடமோ கணவரிடமோ மொத்தமாகக் கொடுத்துவிடுவது சுலபம், ஆனால் பின்னியவருக்கு எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாமல் போகும். கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா மொபைல் பணம், சுமார் 1,85,000 பெண்கள் பிழைப்புக்கான விவசாயத்திலிருந்து வியாபாரத்துக்கு மாற உதவியதாக 2016-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கானாவிலும் மொபைல் பணம் பரவலாகப் புழங்குகிறது. அவரவர் எண்ணுக்கே அனுப்புங்கள். எத்தனை கூடை, என்ன விலை, எத்தனை திரும்பின, ஏன் என்பதையும் கூடவே சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் பேசும் மொழியிலேயே குரல் செய்தியாக அனுப்பினால் போதும்.